லூசெத் அம்மாளும் எரியாத கட்சியும்

ஹட்டனில் இறங்க வேண்டிய நாங்கள் கொட்டகலையில் இறங்கியதற்கு என் தூக்கம்தான் காரணம். மதாமும் தூங்கினார், ஆனால் அவர் விருந்தாளி, விழித்திருக்க வேண்டியவள் நான். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் ஊதிய ஊதலில் திடுக்கிட்டு எழுந்தபோது ஹட்டன் பின்னால் போய்விட்டிருந்தது. அங்கே எங்களுக்காக ஒரு துரையின் கார் காத்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் மதாமை உலுக்கி எழுப்பினேன்.

மதாம் என்று நான் சொல்வது லூசெத் அர்வெல் அம்மாளை. புதுச்சேரியில் கிராமபோன் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் அவர் குரல் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. மார்செய் துறைமுகத்தில் மீன் விற்றவளின் மகள். கூடைக்குப் பக்கத்தில் நின்று பாடி, காபிக் கடைகளில் பாடி, பாரிஸ் அரங்கங்களுக்கு வந்து சேர்ந்தவர். யுத்தம் முடிந்த கையோடு ரேடியோவில் ஒரு பாட்டுப் பாடினார். கடலுக்குப் போனவன் எங்கே என்று கலங்கரை விளக்கைக் கேட்கும் ஒரு பெண்ணின் பாட்டு. அதன் கடைசி அடியில் குரல் படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கும். அந்த உச்சிக்காகவே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

பிறகு கிடார் பிடித்த இளவட்டங்கள் வந்தார்கள். அவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பாடிய மதாமின் குரல், ஒரு நாள் பாரிஸ் மேடையில், அதே உச்சியில் உடைந்துவிட்டது. ‘முடிந்தது’ என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை.

இப்போது ஜப்பான்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பிரெஞ்சுப் பாட்டுக்கு அப்படி ஒரு மோகமாம். ஆனாலும் அவர்களும் பத்திரிகை படிக்கிறவர்கள்தானே. தங்கள் ஆள் ஒருவர் நேரில் ஒரு முறை கேட்ட பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, யுத்த காலத்தில் பிரான்ஸில் இருந்து மதாமுக்கு ரசிகரானவர், வழி சொன்னார். கப்பல் கொழும்பில் நிற்கும்போது மதாம் இறங்கி அவர் பங்களாவில் மலைக்காற்று வாங்கட்டும். சனிக்கிழமை துரைமார் கிளப்பில் பாடட்டும். ஜப்பான் ஆள் அங்கே வந்து கேட்கட்டும். பிரெஞ்சும் இங்கிலீஷும் தமிழும் தெரிந்த பெண் துணை வேண்டும் என்று அவர் எங்கள் கான்வென்டுக்கு எழுத, மதர் என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வினைச்சொல் சொல்லிக்கொடுத்தே நாக்குத் தேய்ந்தவள் நான். கொழும்பு வரை எப்படி வந்து சேர்ந்தேன் என்று எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும்.

கொட்டகலை ஸ்டேஷன் வாசலில் பனி. எதிரே கடைவீதி. அதில் சாம்பிராணி வாசனையும் ரொட்டி வாசனையும் கலந்து வந்த கடை ஒன்றில் போய் உட்கார்ந்தோம். முதலாளி காதர் என்பவர், தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். நாங்கள் கேட்காமலே சுடச்சுட ரொட்டியும், மாசிக் கருவாடு போட்ட தேங்காய்ச் சம்பலும், கடித்துக்கொள்ளக் கித்துள் மரத்துக் கருப்பட்டியோடு தேத்தண்ணியும் வந்தன. தேயிலை விளைகிற ஊரில் பால் இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறார்களே என்று முதலில் நினைத்தேன். ஒரு மிடறு குடித்ததும் புதுச்சேரியில் இத்தனை வருஷமாக நான் குடித்தது என்ன என்ற சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரத் துரைகள் தோட்டத்தை விட்டுப் போகும்போது பங்களா சாமான்களை ஏலம் போடுவது வழக்கம். அப்படி ஒரு ஏலத்தில் எடுத்த கிராமபோன் காதர் முதலாளியின் மேஜையில் இருந்தது. வந்திருப்பது வெள்ளைக்கார அம்மா என்றதும், மரியாதை செய்வதற்காக அவர் தன்னிடம் இருந்த ஒரே வெள்ளைக்காரப் பாட்டுத் தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

கலங்கரை விளக்குப் பாட்டு. பிய்த்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இளம் லூசெத்தின் குரல் அந்தச் சின்னக் கடையில் நிறைந்தது. மதாம் கோப்பையைக் கீழே வைக்காமல், குடிக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி அடி நெருங்கியபோது என் கையைத் தொட்டு, நிறுத்தச் சொல் என்றார். நான் சொன்னேன். காதர் முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஏன்மா, நல்லாதானே இருக்கு? இப்படி ஒரு கொரல் இனிமே பொறக்கப் போறதில்ல.”

ஊசியைத் தூக்கினார். அவர் சொன்னதை மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று யோசித்தேன். மதாம் என்னைப் பார்த்த பார்வையில் தப்பிக்க முடியாமல் மொழிபெயர்த்தேன். ‘சரியாகத்தான் சொல்கிறார்’ என்றார். பாடியது இவர்தான் என்று நான் காதர் முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று மதாமின் கண் சொல்லிற்று.

அங்கிருந்து அக்கரப்பத்தனைக்குப் பஸ். பஸ் என்று சொல்வது அதன் மேல் உள்ள மரியாதையால். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கிற்று. ஒரு ஏற்றத்தில் கண்டக்டர் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ‘எல்லாரும் எறங்குங்க, பஸ் தானா மேல வரும், நீங்க நடந்து வாங்க’ என்றார். டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கும் பிரயாணத்தை அன்றுதான் பார்த்தேன். மதாம் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். மார்செயில் சின்ன வயசில் செருப்பே கிடையாது என்றார். வண்டிக்குப் பின்னால் நடந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ‘தொரசாணிக்குக் காலு நம்ம காலு மாதிரிதான்டி இருக்கு’ என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பிரயாணத்தில் மதாம் வாய்விட்டுச் சிரித்தது முதல் முறையாக அப்போதுதான்.

பங்களாவில் துரை ஹட்டனில் ஏமாந்த கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல் வரவேற்றார். வீட்டை உண்மையில் ஆண்டவர் வீரையா. தோட்டத்துப் பங்களாச் சமையல்காரரை அங்கே ‘அப்பு’ என்கிறார்கள். வீரையா அப்புவுக்கு ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டையும் சிரிக்காத முகமுமாகப் பரிமாறுவார். அவருடைய சூப் வாயில் வைக்க முடியாது. ஆனால் சமையலறைக்குப் பின்பக்கம் அவர் தனக்காக வைத்துக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பு இருக்கிறதே, அதற்காக இன்னொரு முறை ரயிலில் தூங்கலாம். இரண்டாம் நாளே நான் சாப்பாட்டு மேஜையை விட்டுச் சமையலறைக்கு இடம் மாறினேன். மூன்றாம் நாள் மதாமும் வந்துவிட்டார்.

விடியுமுன் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பக்கத்தில் தப்புப் பறை அடிப்பார்கள். ஆள்கள் எழுந்து பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்பதற்கு அது அடையாளம். அங்கே துரையும் கணக்கப்பிள்ளையும் மேட்டில் நிற்க, ஆள்கள் கீழே நிற்க, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பேர் கூப்பிட்டு அனுப்புவார்கள். குளிரில் பல் கிட்டிக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் புதுச்சேரியில் கொடி மாறியபோது, எந்த நாடு வேண்டும், பிரான்ஸா இந்தியாவா என்று எங்களைக் கேட்டார்கள். இந்த மலையைக் காடாக இருந்ததிலிருந்து தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து குடியுரிமையைப் பறித்தபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு அது வெட்கமாக இருந்தது.

தப்புச் சத்தம் ஓய்ந்ததும் மதாமின் குளியலறையில் பாட்டு ஆரம்பிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கலங்கரை விளக்குப் பாட்டைப் பாடுவார். கடைசி அடி வரும். ஏறுவார். பாதியில் நின்றுவிடுவார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். நான் போர்வைக்குள் கிடந்து, தாயே, இன்றைக்காவது ஏறிவிடட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

அது மாசி மாதம். தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. காமன் பொட்டல் என்று ஒரு வெளியிடத்தில் கம்பம் நட்டு, ரதி மதன் வேஷம் போட்டு ஆடுகிற விழா. சிவன் கண் திறந்து மதனை எரிப்பார், ரதி புலம்புவாள், மூன்றாம் நாள் மதன் உயிரோடு எழுவான். தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்பட்டதோடு சரி. இங்கே பார்த்தால் மொத்தத் தோட்டமும் அதிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் மதாமைப் பார்க்க அழைத்துப் போனேன். ரதியாக வந்தவர் லாரி ஓட்டுகிறவராம். மீசையை மழித்து, ரோஸ் பவுடர் பூசி, அவர் இடுப்பை வளைத்து ஆடிய அழகில் மதாம் கை தட்டி ஓயவில்லை.

வினை அங்கேதான் விளைந்தது. கம்பத்தின் அடியில் பூசாரி, நேர்த்திக்கடன் வைத்தவர்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மரியாதைக்குக் கட்டுகிறார்கள் போலும் என்று நினைத்த மதாமும் வரிசையில் நின்று கையை நீட்டினார். பூசாரி என்னைப் பார்த்தார். என் வாய் நிறையக் கடலைச் சுண்டல். தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று நான் ஆட்டியது அவருக்குச் சரி என்று பட்டிருக்கிறது. கயிறு ஏறிவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

பங்களாவுக்குத் திரும்பியதும் வீரையா அப்பு அந்தக் கயிற்றைப் பார்த்தார். சூப் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, காப்புக் கட்டுனவங்க காமன் எழும்புற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதுங்க. ஞாயித்துக்கெழம காலையிலதான் எழும்புறாரு. தொரசாணியம்மா சனிக்கெழம எப்படிக் கிளப்புக்குப் போவாங்க?”

சுண்டலைச் சபித்துக்கொண்டு மதாமிடம் போய்ச் சொன்னேன். அழுவார், கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் என்னால் போக முடியாது, இல்லையா? ஜனங்களின் நம்பிக்கையை அவமதிக்கக் கூடாது’ என்றார். அன்று அந்தச் சூப்பைக்கூட இரண்டு முறை வாங்கிக் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைக்காற்றோ மருந்தோ கொடுக்காத நிம்மதியை ஒரு மஞ்சள் கயிறு கொடுத்துவிட்டது. பாட வேண்டாம் என்பதற்குக் கடவுளே காரணம் சொல்லிவிட்டார்!

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்துக்குக் காரணம் ஜப்பானோ துரையோ இல்லை. கடைசி வகுப்புப் பெண் பரீட்சையன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. பயமா என்று நேரடியாகக் கேட்டேன். மதாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ‘பாரிஸில் அன்றைக்குக் குரல் உடைந்தபோது ஜனங்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இருமினார்கள். அந்த இருமலை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது’ என்றார். ஆனாலும் அறைக்குள் போய்க் கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

துரை நல்ல மனிதர், ஆனால் விடாக்கண்டர். கயிற்றை வெட்டி எறி என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் இத்தனை வருஷம் தோட்டம் நடத்தியவருக்குத் தெரியும், அந்தக் கயிறு வெட்டுப்பட்டால் திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் அவரும் கணக்கப்பிள்ளையும் மட்டும்தான் நிற்பார்கள் என்று. ஆகவே அவர் கிளப்புக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். மதாம் எல்லையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? கிளப் எல்லைக்குள் வரட்டும். சனிக்கிழமை மாலை ஜப்பான்காரரோடு துரைமார் எல்லோரும் பங்களாவுக்கு வந்துவிடுவார்கள். புல்தரையில் கச்சேரி. இதை அவர் பெருமையாகச் சொன்னபோது மதாமின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன்.

வியாழன் இரவு மதனை எரித்தார்கள். நான் குளிருக்குப் பயந்து தூங்கிவிட்டேன். மதாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சனிக்கிழமை விடிந்ததும் தொண்டை வலி என்றார். வீரையா அப்பு இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தார். மத்தியானம் ஆறிப்போன சூப்பை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு காமன் பொட்டலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கார்கள் மலையேறும் சத்தம் கேட்டது. துரைமார் சொன்னதைவிட முன்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் மதாமின் நாற்காலி காலி.

எங்கே போயிருப்பார் என்று யோசிக்க அவசியமே இல்லை. எல்லைக்குள்ளே ஒளிய ஒரே இடம்தான் உண்டு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினேன். காமன் பொட்டலில் பெண்கள் பக்கத்தில், தலையில் ஒரு கம்பளியைப் போட்டுக்கொண்டு, கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் பிரான்ஸ் தேசத்தின் பாடகி. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரோ எனக்குச் சுண்டல் கொடுத்தார்கள். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னேன்.

அங்கே லாவணி நடந்துகொண்டிருந்தது. மதன் எரிந்த சாம்பலுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. மதன் எரிந்தேவிட்டான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவில்லை, ரதியின் கண்ணுக்கு மட்டும் இருக்கிறான் என்று பாடுவது எரியாத கட்சி. ஒருவர் பாட்டால் கேட்க, மற்றவர் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. எரிந்த கட்சியின் தலைவர் யார் என்று பார்த்தேன். நம்முடைய வீரையா அப்பு! பங்களாவில் உதட்டைப் பிரிக்காத மனிதர், கையில் டேப் என்கிற சின்ன வட்டத் தோல்கருவியைத் தட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, எதிராளியைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார். எதிராளி மூக்கன் என்று கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற தொழிலாளி. பாவம், நாலு நாள் பனியில் பாடிப் பாடி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எரியாத கட்சிக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படித் தலைவருக்கு முடியாமல் போனால், காப்புக் கட்டியவர் யார் வேண்டுமானாலும் எழுந்து அந்தக் கட்சிக்காகப் பதில் பாடலாமாம். பக்கத்திலிருந்த பெண் எனக்குச் சொன்னாள். யாரும் எழவில்லை. வீரையா அப்பு பொட்டலைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். கம்பளிக்குள் இருந்த வெள்ளை முகத்தில் அவர் பார்வை நின்றது. டேப்பைத் தட்டினார்.

“பாதி வழி ஏறி வந்து பாட்டு நிக்குது – அது
பத்தி எரிஞ்ச மூங்கிலுன்னு ஊரு சொல்லுது
எரியலேன்னா மிச்சத்தையும் எழுந்து பாடணும் – இல்லே
எரிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டு எடத்த விடணும்.”

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதாம் என் முழங்கையைப் பிடித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஏதோ வாழ்த்துப் பாடினார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரு மனம் அப்படித்தான் சொல்லச் சொன்னது. ஆனால் நான் மொழிபெயர்க்க வந்தவள். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

‘அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?’ என்றார் மதாம்.

உங்கள் குளியலறைக்கும் அவருடைய சமையலறைக்கும் ஒரே சுவர் என்றேன். தினமும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

‘பதில் பாடாவிட்டால்?’

‘எரிந்த கட்சி ஜெயித்துவிடும்’ என்றேன்.

மதாம் கம்பளியை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். சாம்பலின் பக்கத்தில், மூக்கன் நின்ற இடத்தில் போய் நின்றார். வாத்தியக் குழு இல்லை, விளக்கு இல்லை, திரை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டார். பாடினார்.

கலங்கரை விளக்குப் பாட்டுத்தான். ஆனால் ரயிலடிக் கடையில் கேட்ட பாட்டு அல்ல. மெதுவாக, மீன் விற்பவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுவதுபோல் ஆரம்பித்தார். முதல் அடி முடியுமுன் தப்பு அடிப்பவர்கள் அந்த நடையைப் பிடித்துக்கொண்டார்கள். ரதி புலம்பும்போது அடிக்கிற அடி அது. கடலுக்குப் போனவனைத் தேடுகிறவளுக்கும் சாம்பலைப் பார்த்து அழுகிறவளுக்கும் என்ன வித்தியாசம்? மொழி தெரியாத அந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி அடி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மதாம் ஏறினார். வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. அங்கே ஒரு விநாடி நின்றார். தப்பு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் இருமவில்லை. அவர் மேலே போகவில்லை. அங்கிருந்து கீழே இறங்கினார். கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல, ஆழத்துக்கு, இன்னும் ஆழத்துக்கு. குரலில் விரிசல் இருந்தது. அதை மறைக்கவே இல்லை. விரிசல் வழியாகத்தான் பாட்டே வந்தது. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தபோது எனக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவு கண்ணீர். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி ராகத்தோடு முனகினாள். பிறகு பத்துப் பேர். லாரிக்கார ரதியின் ரோஸ் பவுடர் கோடு கோடாக வழிந்தது. அந்தக் கடைசி அடியை மதாம் திருப்பிப் பாடினார், மறுபடியும் திருப்பினார், பிறகு நிறுத்தினார்.

வீரையா அப்பு டேப்பைத் தரையில் கவிழ்த்து வைத்தார். லாவணியில் தோற்றவர் செய்வது அது.

“எரியலைங்க,” என்றார். “நான் ஒத்துக்கிறேன்.”

குலவைச் சத்தத்தில் மலை அதிர்ந்தது. மூக்கன் சத்தமே வராத தொண்டையால் ஏதோ கத்திக்கொண்டு துள்ளினார். எரிந்த கட்சிக்காரர்களும் சேர்ந்தே துள்ளினார்கள். மதாம் நடுவில் நின்று சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பொட்டலின் ஓரத்தில், பள்ளத்துச் சேற்றில், பளபளக்கும் சப்பாத்துகளோடு துரைமார் நின்றுகொண்டிருந்தார்கள். எங்களைத் தேடி வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறார்கள். தினமும் மேட்டில் நிற்கிறவர்கள் அன்று கீழே நின்றார்கள். தொழிலாளர்கள் மேலே நின்றார்கள். தொப்பிகள் எல்லாம் கையில் இருந்தன. அவர்களுக்கு முன்னால் ஒரு மெலிந்த ஜப்பான்காரர், இடுப்பு வரைக் குனிந்து வணங்கியவர், நிமிரவே மறந்துவிட்டார்.

மாலையில் புல்தரையில் பழையபடி உச்சிக்கு ஏறிப் பாடுவாரா என்று துரை ஆவலோடு கேட்டார். மாட்டேன், அது இன்னொரு பெண்ணின் பாட்டு என்று மதாம் சொல்லிவிட்டார். ஜப்பான்காரர் குறுக்கிட்டு, உச்சி வேண்டாம், பொட்டலில் கேட்டதைத்தான் எங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார். எழுதுவதற்கு மேஜை இல்லாமல் வீரையா அப்புவின் டேப்பைத்தான் அடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தப்பு முழங்க மதன் எழுந்தான். காப்பை அவிழ்த்து ஓடையில் விட்டார்கள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். கயிறு தன் வேலையை முடித்துவிட்டது, அதை ஏன் பெட்டிக்குள் அடைக்க வேண்டும் என்று மதாம் தண்ணீரில் விட்டுவிட்டார். வழியனுப்ப வந்த வீரையா அப்புவிடம், எரிந்த கட்சியில் நின்றுகொண்டு என்னைத் தூக்கிவிட்டாயே என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“எரிஞ்ச கட்சிக்கு வேலையே அதுதானுங்களே,” என்றார் அப்பு. “நாங்க அழுத்திக் கேட்டாத்தானே அவங்க பாடுவாங்க.” அதையும் சிரிக்காமலேதான் சொன்னார்.

ஜப்பானில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ அரங்கத்தில் ஜனங்கள் எழுந்து நின்று உட்காரவே இல்லையாம். அங்கிருந்து பாரிஸுக்குக் கூப்பிட்டார்கள். ‘முடிந்தது’ என்று எழுதிய அதே பத்திரிகை, ‘லூசெத் அர்வெல் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்’ என்று எழுதியது. அதை வெட்டி மதாம் எனக்கு அனுப்பினார். கான்வென்டில் எல்லா வகுப்புக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். புதுத் தட்டில் பாட்டுக்குப் பின்னால் ஒரு தோல்கருவி ஒலிக்கிறது. அது என்ன தாளம் என்று பாரிஸ்காரர்கள் இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்களாம். அக்கரப்பத்தனையில் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது கொட்டகலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துரை எங்களைக் காரில் ஹட்டனில் விடுகிறேன் என்றார். மதாம் கொட்டகலைதான் என்று பிடிவாதம் பிடித்தார். ரயில் வர நேரம் இருந்தது. நேரே காதர் முதலாளியின் கடைக்குள் நுழைந்து, அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தோம். ரொட்டி வந்தது, சம்பல் வந்தது. அந்தத் தட்டை வைக்கச் சொல் என்றார் மதாம்.

காதர் முதலாளி தயங்கினார். அன்றைக்கு இந்த அம்மாவுக்குப் பிடிக்கலையே என்றார். இன்றைக்குப் பிடிக்கும் என்றேன். அவர் ஊசியை இறக்கினார். இளம் லூசெத் பாட ஆரம்பித்தாள். மதாம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து பாடினார். காதர் முதலாளி தட்டைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. இரண்டு குரலும் கைகோத்துக்கொண்டு வந்தன. கடைசி அடியில் சின்னவள் மேலே ஏற, பெரியவர் கீழே இறங்கினார்.

தூரத்தில் ரயில் ஊதிற்று. காதர் முதலாளி கையை நீட்டி ஊசியைத் தூக்கினார். பாட்டு நிற்கவில்லை.